கட்டத்தில் சேர்ந்தது, படத்தில் சேரவில்லை: டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர் கேமராவுக்கு அறிகுறி பார்த்து வைத்தியம்

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ரேஞ்ச்பைண்டர் கேமரா வைத்திருப்பவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதில் பாதிப் பேர் சனிக்கிழமை காலையில் என் வீட்டு வாசலில் நிற்பார்கள். போட்டோ கடையை மூடிப் பல வருஷமாகிவிட்டது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஐசி (அடையாள அட்டை) படம், கல்யாணம், காதுகுத்து என்று ஓடிய கடை அது. கடை போனாலும் மேசையும் சின்னத் திருப்புளிகளும் என்னிடம்தான் இருக்கின்றன என்று ஊருக்குத் தெரியும்.

வருகிறவர்கள் இரண்டு கேள்விதான் கேட்பார்கள். "அண்ணே, இது ஏன் இப்படிப் பண்ணுது?" என்பது ஒன்று. "பழசு வாங்கலாமா, புதுசு வாங்கலாமா?" என்பது இன்னொன்று. இரண்டும் ஒரே கேள்விதான் என்று புரிய எனக்கு நாள் பிடித்தது. பழைய கேமராவின் நோய் கண்ணாடியிலும் உலோகத்திலும் இருக்கும். வந்தால் தானாகப் போகாது, ஆனால் தேடினால் கண்ணுக்குத் தெரியும். புதியதன் நோய் பெரும்பாலும் மென்பொருளில் இருக்கும். வாங்குகிற அன்று தெரியாது, கல்யாண மண்டபத்தில் தெரியும். அடுத்த அப்டேட்டில் போனாலும் போய்விடும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற நமக்கு இதில் எது தாங்கும் என்பதுதான் கேள்வி.

அதனால் மாடல் வாரியாக எழுதாமல் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். பேச்சில் வரப்போகிற ஆட்களை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன். 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1 தான் உலகின் முதல் டிஜிட்டல் ரேஞ்ச்பைண்டர்; 6 மெகாபிக்சல். 2006-இல் லைக்கா எம்8, 10 மெகாபிக்சல், பிலிமை விடச் சின்ன சென்சார். 2009-இல் எம்9, 18 மெகாபிக்சல், முழு பிலிம் அளவு. இந்த மூன்றிலும் ஒளியைப் பதியும் சில்லு, அதாவது சென்சார், சிசிடி என்ற பழைய வகை. 2013-இல் கடைக்கு வந்த எம்240-இலிருந்து சீமாஸ் (CMOS) என்ற புது வகை. அப்புறம் 2017-இல் எம்10, 2022-இல் 60 மெகாபிக்சலோடு எம்11. பிரான்சிலிருந்து பிக்ஸி என்று ஒன்றும் வருகிறது. அதற்குப் பின்பக்கம் திரையே கிடையாது.

இந்தக் கேமராக்களில் நாம் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. மேலே இருக்கும் தனி ஜன்னல் வழியாகப் பார்க்கிறோம். அதன் நடுவில் ஒரு சின்ன வெளிச்சக் கட்டம், அதற்குள் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருப்பும்போது அதன் பின்புற விளிம்பு கேமராவுக்குள் இருக்கும் ஒரு சின்ன உருளையைத் தள்ளும். உருளை ஒரு கையை அசைக்கும், கை கண்ணாடியை அசைக்கும், இரண்டு உருவமும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி என்று நம்புகிறோம். நம்பிக்கைதான். லென்ஸ் என்ன பார்க்கிறது என்று அந்த ஜன்னலுக்குத் தெரியாது. கீழே வரும் தொல்லைகளில் பாதி இதில் பிறந்தவை.

கட்டத்தில் உருவம் சேர்ந்தது. படத்தில் மூக்கு தெளிவு, கண் மங்கல்

அதிகம் வருகிற புகார் இதுதான். வந்தவுடன் எல்லோரும் "கேமரா அவுட்" என்று தீர்ப்பு எழுதிவிடுவார்கள். திருப்புளியைத் தொடுவதற்கு முன் அரை மணி நேரம் செலவழியுங்கள்.

தமிழ்ப் பேப்பர் ஒன்றை மேசையில் விரித்து, கேமராவை முக்காலியில் சாய்வாக, ஒரு மீட்டர் தூரத்தில் வையுங்கள். லென்ஸில் வெளிச்சம் புகும் துளையை முழுசாகத் திறந்துவிடுங்கள். ஒரு தலைப்பு வரியைத் தேர்ந்தெடுத்து, தூரத்திலிருந்து கிட்டே வரும் திசையில் திருப்பி மூன்று படம், கிட்டேயிருந்து தூரம் போகும் திசையில் திருப்பி மூன்று படம். ஒவ்வொரு படத்துக்கும் லென்ஸை முழுசாகக் கலைத்துவிட்டுப் புதிதாகச் சேர்க்க வேண்டும். ஆறு படத்தையும் கணினியில் பெரிதாக்கி எந்த வரி தெளிவு என்று குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறும் ஒரே அளவு முன்னால் அல்லது ஒரே அளவு பின்னால் விழுந்தால் பழுது இயந்திரத்தில். ஒன்று முன்னே, ஒன்று பின்னே என்று சிதறினால் பழுது உங்கள் கண்ணில் அல்லது கையில். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிக்காது.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் மூன்று வாரம் தொடர்ந்து வந்தார். ஒவ்வொரு வாரமும் வேறு ஒரு லென்ஸைக் குற்றம் சொன்னார். நான் எடுத்தால் சரியாக வருகிறது, அவர் எடுத்தால் சிதறுகிறது. கடைசியில் பார்த்தால் அவர் போட்டிருப்பது கீழ்ப்பாதியில் படிக்கும் பவர் ஏறிக்கொண்டே போகும் கண்ணாடி. ஜன்னலுக்குள் குனிந்து பார்க்கும்போது படிக்கும் பகுதி வழியாகப் பார்க்கிறார். லைக்கா எம் ஜன்னல் மைனஸ் 0.5 பவருக்கு அமைந்தது. ஏறக்குறைய இரண்டு மீட்டர் தூரத்தில் ஒரு பொருளைப் பார்ப்பது போலத்தான் கண்ணுக்கு இருக்கும். அதற்குத் தூரப்பார்வைப் பகுதிதான் தேவை. ஜன்னலில் திருகிப் போடும் சின்னப் பவர் லென்ஸ் ஒன்றைச் சொன்னேன். "வாத்தியாருக்கே பாடமா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அதற்கப்புறம் ஃபோகஸ் புகாரோடு வரவில்லை.

சரி, ஆறு படமும் ஒரே பக்கம் சாய்கிறது என்றால் அடுத்து லென்ஸை மாற்றிப் பாருங்கள். எல்லா லென்ஸும் ஒரே பக்கம் சாய்ந்தால் கேமராவின் உருளை இடம் மாறியிருக்கிறது. ஒரு லென்ஸ் மட்டும் சாய்ந்தால் அந்த லென்ஸ்தான் குற்றவாளி. கடன் வாங்கியாவது இரண்டாவது லென்ஸ் இல்லாமல் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

முழுத் திறப்பில் சரி, எஃப்4-க்கு மூடினால் (எஃப் எண் ஏற ஏறத் துளை சிறுக்கும்) ஃபோகஸ் பின்னால் ஓடுகிறது என்றால் கேமரா, லென்ஸ் இரண்டும் பழுதில்லை. சில லென்ஸ்களின் பிறவிக் குணம் அது. ஜெய்ஸ் சி சோனார் 50 எஃப்1.5 இதற்குப் பேர்போனது. துளையை மூட மூடத் தெளிவான தளம் பின்னால் நகரும். ஜன்னலுக்கு அந்த விஷயம் தெரியாது. அந்த லென்ஸை வைத்திருப்பவர்கள் உடம்பை ஒரு நூல் பின்னே சாய்த்து எடுக்கப் பழகிவிடுகிறார்கள். எம்240-ஆகவோ அதற்குப் பிந்தையதாகவோ இருந்தால் பின்திரையில் பார்த்தே ஃபோகஸ் செய்துவிடலாம். புதியதற்குச் சாதகமாக நான் முதலில் சொல்கிற காரணம் இதுதான்.

இங்கே கொஞ்சம் கணக்கு. நாம் பார்க்கும் ஜன்னலுக்கும், இரண்டாவது உருவத்தைத் தரும் சின்ன ஜன்னலுக்கும் இடையே உள்ள தூரம் எவ்வளவு அதிகமோ அவ்வளவு துல்லியம். லைக்காவில் அது 69.25 மில்லிமீட்டர். ஆனால் எம்8, எம்9, எம்240 மூன்றிலும் ஜன்னல் உருவத்தை 0.68 மடங்காகக் குறைத்துக் காட்டுகிறது. ஆகப் பயன்படும் தூரம் சுமார் 47. எம்10-இல் உருப்பெருக்கம் 0.73, ஆகச் சுமார் 51. எப்சனில் உருவம் அதே அளவில், ஒன்றுக்கு ஒன்றாகத் தெரியும், இரண்டு கண்ணையும் திறந்துகொண்டு எடுக்கலாம், அந்தச் சுகமே தனி. ஆனால் ஜன்னல் இடைவெளி வெறும் 38.2. அதனால் எப்சனில் 90 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்2-இல் திறந்து வைத்துக்கொண்டு மணப்பெண்ணின் கண்ணிமையைப் பிடிக்கப் போகாதீர்கள். 35, 50-க்கு அது தங்கம்.

எதிர்ப்பக்கமும் சொல்ல வேண்டும். எப்சனின் 6 மெகாபிக்சல் சின்னத் தப்பை மூடி மறைத்துவிடும். அதே தப்பு 60 மெகாபிக்சலில் ஊருக்கே தெரியும். எம்11 வாங்கியவர்கள் "பழைய கேமராவில் இந்த லென்ஸ் நல்லா இருந்துச்சே" என்று வருவது இதனால்தான். லென்ஸ் அப்போதும் அப்படித்தான் இருந்தது. எம்11-இல் 36, 18 மெகாபிக்சலாகவும் பதிய வழி இருக்கிறது. 36-இல் வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள் என்பேன்.

உருளையைத் தாங்கும் கையில் ஒரு திருகு உண்டு. மெல்லிய அறுகோணச் சாவியால் அதைத் திருப்பித் தூரப்புள்ளியைச் சரி செய்வார்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் கை சும்மா இருக்காது, எனக்கும் இருக்கவில்லை. தூரத்தைச் சரி செய்தேன், கிட்டம் கெட்டது. கிட்டத்தைச் சரி செய்யப் போனேன், தூரம் கெட்டது. இரவு இரண்டு மணிக்கு மனைவி வந்து விளக்கை அணைத்தார். தூரத்துக்கு ஒன்று, கிட்டத்துக்கு ஒன்று என்று இரண்டு சரிசெய்தல்கள் இருக்கின்றன, ஒன்றைத் தொட்டால் மற்றது அசையும். அளவுக் கருவி இல்லாமல் அந்த வேலை வேண்டாம். தூரம் மட்டும் சரியா என்று பார்க்க ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மலை விளிம்போ தொலைத்தொடர்புக் கோபுரமோ போதும். லென்ஸைத் தூர முனைக்குத் திருப்பினால் கட்டத்தில் உருவம் ஒன்றாக இருக்க வேண்டும். தெருமுனை விளக்குக் கம்பம் இதற்குப் போதாது.

இரட்டை உருவம் பக்கவாட்டில் சேர்கிறது, ஆனால் ஒன்று மேலே ஒன்று கீழே நிற்கிறது

செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதையில் மோட்டாரில், கேமராவைக் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு போயிருப்பீர்கள். நான் போனேன். அடுத்த நாளே இப்படி ஆனது. குழி என்னுடையதல்ல, புத்தி என்னுடையது.

இது கண்ணை உறுத்துமே தவிர ஃபோகஸைப் பெரிதாகக் கெடுக்காது. நிமிர்ந்து நிற்கும் கோடு ஒன்றை, கதவு நிலையோ பால்மரத் (ரப்பர் மரத்) தண்டோ, வைத்துச் சேர்த்தால் வேலை நடக்கும். எப்சனில் பிளாஷ் மாட்டும் இடத்தின் மூடியைக் கழற்றினால் அடியில் திருகுகள் தெரியும். கொஞ்சம் கைப்பழக்கம் உள்ளவர்கள் வீட்டிலேயே சரி செய்கிறார்கள். லைக்காவில் அனுப்பிவைப்பதுதான் நல்லது. எப்சனில் இந்தக் கோளாறு சகஜம், அதனால் விலை பேசும்போது இதைப் பெரிய குறையாகக் காட்டிக் குறைக்கச் சொல்லலாம். வாங்கியபின் சின்னக் குறையாக நினைத்துக்கொள்ளலாம்.

கருப்பு வேட்டி ஊதாவாக வருகிறது, செம்பனை ஓலை மஞ்சளாக வருகிறது

கையில் இருப்பது எம்8. வேறு எதையும் சோதிக்க வேண்டாம்.

கார்த்திகை, மார்கழியில் மாலை போட்ட ஐயப்ப சாமிமார் கோயில் வாசலில் நிற்கும்போது எம்8-இல் எடுத்துப் பாருங்கள். பருத்தி வேட்டி கட்டியவர் கருப்பாக நிற்பார், பாலியெஸ்டர் கலந்த துணி கட்டியவர் கத்தரிக்காய் நிறத்தில் நிற்பார். ஒரே கடையில் வாங்கிய துணி, ஒரே வெயில், இரண்டு நிறம். செயற்கை இழை நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை நிறையத் திருப்பி அனுப்புகிறது. மற்ற கேமராக்களில் சென்சாருக்கு முன்னால் அதைத் தடுக்கும் கண்ணாடி தடிமனாக இருக்கும். ரேஞ்ச்பைண்டர் லென்ஸின் பின்பகுதி சென்சாருக்கு மிக அருகில் வருவதால் ஓரங்களில் ஒளி சாய்வாக விழும்; தடித்த கண்ணாடி போட்டால் ஓரம் குழம்பும். அதனால் எம்8-இல் வெறும் அரை மில்லிமீட்டர் கண்ணாடியைப் போட்டார்கள். ஓரம் பிழைத்தது, வேட்டி ஊதாவானது. பச்சை இலையும் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் பொருள்தான், அதனால்தான் ஓலை மஞ்சளடிக்கிறது. தீமிதிக் குண்டத்துத் தணல் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

லைக்கா இதை ஒப்புக்கொண்டு, எம்8 வாங்கியவர்களுக்கு லென்ஸ் முன்னால் போடும் அகச்சிவப்புத் தடுப்பு ஃபில்டர் இரண்டு இலவசமாகக் கொடுத்தது. பழைய எம்8 வாங்கும்போது அந்த ஃபில்டர்கள் கூட வருகின்றனவா என்று கேளுங்கள். ஒவ்வொரு லென்ஸ் அளவுக்கும் ஒன்று தேவைப்படும், அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள்.

ஃபில்டர் போட்டதும் அடுத்த தொல்லை வரும். 28, 24 போன்ற அகல லென்ஸில் நான்கு மூலையும் நீலப்பச்சையாக மாறும். ஒளி சாய்வாக ஃபில்டரைக் கடக்கும்போது அது சிவப்பையும் சேர்த்து வெட்டுகிறது. லென்ஸின் பின்விளிம்பில் கருப்பு வெள்ளைப் புள்ளிகளாக ஆறு இடத்துக் குறியீடு உண்டு. அதைப் படித்தால் கேமராவே மூலையைத் திருத்திவிடும். குறியீடு இல்லாத பழைய லென்ஸில் கருப்பு மார்க்கர் பேனாவால் புள்ளி வைத்து ஏமாற்றுகிறவர்கள் உண்டு. நாலு தடவை லென்ஸைக் கழற்றி மாட்டினால் மை தேய்ந்துவிடும், திரும்ப வைக்க வேண்டும்.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், கருப்பு வெள்ளைக்கு எம்8 போல எனக்கு அமைந்தது கிடையாது. அந்த மெல்லிய கண்ணாடியே படத்துக்கு ஒரு கூர்மை தருகிறது. ஃபில்டரைக் கழற்றி வைத்துவிட்டுக் கருப்பு வெள்ளையில் எடுங்கள். முகத்துத் தோல் மிருதுவாக வரும், வேட்டி என்ன நிறம் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

வெள்ளை வானத்தில் புள்ளிகள்

தூசியா, நோயா என்று பிரித்தறிய வேண்டிய இடம் இது. எம்9 வாங்கப்போகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

துளையை எஃப்16-க்கு மூடி, ஃபோகஸைக் கலைத்து, மேகம் மூடிய வானத்தையோ வெள்ளைச் சுவரையோ எடுங்கள். படத்தைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்கி மூலையிலிருந்து மூலைக்கு நகருங்கள். கேமராவின் சின்னத் திரையில் பார்த்துத் திருப்திப்பட்டுக்கொள்ளாதீர்கள், எம்9-இன் திரை எந்த நோயையும் காட்டாது.

கருமையாக, ஓரம் தெளிவாக இருக்கும் புள்ளி என்றால் தூசி. ஊதுபந்தால் ஊதிவிட்டு மறுபடி எடுங்கள். இடம் மாறினாலோ மறைந்தாலோ கவலை இல்லை. அதே இடத்தில் நின்றால் ஈரத் துடைப்பான். அதற்குப் பின்னும் அங்கேயே நின்று, புள்ளியைச் சுற்றி வெளிறிய வளையம் இருந்தால் அது தூசியல்ல. சென்சார் மேல் இருக்கும் கண்ணாடியே அரிக்கப்படுகிறது.

எம்9, அதன் உடன்பிறப்புகளான எம்9-பி, எம்-இ, முதல் மோனோக்ரோம் ஆகியவற்றின் சிசிடி சென்சாருக்கு வந்த நோய் இது. எம்8-இன் குறையிலிருந்து பாடம் கற்று, அகச்சிவப்பை நன்றாகத் தடுக்கும் வேறு கண்ணாடியைப் போட்டார்கள். அந்தக் கண்ணாடி ஈரப்பதத்தைத் தாங்கவில்லை. 2014-இல் லைக்கா வெளிப்படையாக ஒப்புக்கொண்டு இலவசமாக மாற்றித் தந்தது. அந்த இலவசக் காலம் முடிந்துவிட்டது. மாற்றிய சென்சாரில் புது வகைக் கண்ணாடி இருக்கும். அதனால் எம்9 விற்கிறவரிடம் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: சென்சார் மாற்றியதா, மாற்றியதற்குக் கடுதாசி இருக்கிறதா? "சுத்தமா இருக்கு பாஸ்" என்பது பதில் இல்லை. இன்றைக்குச் சுத்தமாக இருக்கும் பழைய கண்ணாடி நம் ஊர் ஈரத்தில் நாளைக்கும் சுத்தமாக இருக்கும் என்று யாரும் எழுதித் தர மாட்டார்கள்.

எம்11 வைத்திருப்பவர்களுக்கு இந்த நோய் கிடையாது. தூசி மட்டும் சீக்கிரம் சேரும். பழைய எம் கேமராக்கள் மூடிய ஷட்டர் திரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்தன. எம்11 சென்சாரிலேயே அளக்கிறது, அதனால் இயங்கும்போது ஷட்டர் திறந்தே இருக்கும். லென்ஸ் மாற்றுவதற்கு முன் கேமராவை அணைத்துவிடுங்கள், கேமராவின் வாயைக் கீழே பார்க்கப் பிடியுங்கள். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) சாத்தே புகைக்கு நடுவில் நின்றுகொண்டு மாற்றாதீர்கள்.

அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

எப்சன் என்றால் லீவரை இழுத்தீர்களா? டிஜிட்டல் கேமராவுக்கு எதற்கு லீவர் என்று கேட்காதீர்கள். பிலிம் கேமரா போலவே ஒவ்வொரு படத்துக்கும் இழுத்தால்தான் ஷட்டர் தயாராகும்.

எம்8-இலிருந்து எம்10 வரை என்றால் அடித்தட்டு சரியாகப் பூட்டியிருக்கிறதா பாருங்கள். பேட்டரியும் கார்டும் அந்தத் தட்டுக்குள்தான் இருக்கின்றன. தட்டு இல்லாமல் கேமரா வேலை செய்யாது. மழையில் ஓடி வந்து கார்டு மாற்றிவிட்டுத் தட்டைப் பேருந்து நிறுத்தப் பெஞ்சிலேயே விட்டுவிட்டு வந்த மனிதனை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். எம்11-இல் தட்டே இல்லை, பேட்டரி நேராக வெளியே வரும்.

அடுத்து கார்டு. பழைய கேமராவுக்குப் புதிய பெரிய கார்டு ஒத்துவராது. எப்சன் ஆர்-டி1, ஆர்-டி1எஸ் இரண்டும் 2 ஜிபிக்கு மேல் ஏற்காது. எம்9-க்கு 32 ஜிபி உச்சம். நான் 8, 16-க்கு மேல் போடுவதில்லை. மின்னல் வேகம் என்று அட்டையில் எழுதியிருக்கும் கார்டை எம்9-இல் போட்டுவிட்டுப் படம் எழுதும்போது நின்றுபோகிறது என்று வருபவர்கள் அதிகம். சாதாரண கார்டு, கேமராவிலேயே ஃபார்மட். 2 ஜிபி கார்டு இப்போது எங்கே கிடைக்கும் என்றால், கைப்பேசிக் கடைக்காரரின் மேசை இழுப்பறைக்குள் கையை விட்டுத் தேடச் சொல்லுங்கள். எனக்கு மூன்று கிடைத்தன, ஐந்து வெள்ளிதான் (ரிங்கிட்) வாங்கினார்.

பேட்டரி விஷயத்தில் எம்8-உம் எம்9-உம் ஒரே பேட்டரி. எம்240, எம்10, எம்11 மூன்றுக்கும் தனித்தனி. ஒன்று மற்றொன்றில் நுழையாது. எப்சனுக்கு ஃபுஜியின் என்பி-80 பேட்டரி பொருந்தும், அதனால் பிழைத்தது.

இயங்கிக்கொண்டிருந்த கேமரா அப்படியே உறைந்துபோனால், எம்11-காரர்கள் பேட்டரியை எடுத்து, பத்து எண்ணி, திரும்பப் போடுங்கள். வீட்டுக்குப் போய் ஃபர்ம்வேர், அதாவது கேமராவின் மென்பொருள், எத்தனையாவது பதிப்பு என்று பாருங்கள். எம்11 வந்த புதிதில் உறைவது பலருக்கு நடந்தது, அடுத்தடுத்த அப்டேட்டுகளில் குறைந்தது. ஆனால் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு அப்டேட் போடாதீர்கள். போடுவதென்றால் ஒரு வாரம் முன்னால் போட்டு, தெருநாய், பக்கத்து வீட்டுப் பிள்ளை என்று எதையாவது நூறு படம் எடுத்துப் பாருங்கள்.

படம் எடுத்தேன், கார்டில் இல்லை

தாலி கட்டிய படங்கள் காணோம் என்று ஒரு பையன் வேர்த்து விறுவிறுத்து வந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது. கையில் எம்11. அதில் கார்டு மட்டுமல்லாமல் கேமராவுக்குள்ளேயே 64 ஜிபி நினைவகம் இருக்கிறது. எதில் பதிய வேண்டும் என்பதை மெனுவில் மாற்றலாம். அவன் எப்போதோ மாற்றிவிட்டு மறந்திருக்கிறான். கேபிளைச் சொருகினோம், தாலி இருந்தது, மாமியார் அழுதது உட்பட எல்லாம் இருந்தது. இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வைத்துவிட்டு அனுப்பினேன்.

பிக்ஸி வைத்திருப்பவர்கள் கார்டைத் தேடவே வேண்டாம், அதற்குக் கார்டு துளையே இல்லை. உள்ளே பதிந்து கைப்பேசிக்கோ கணினிக்கோ அனுப்பும்.

எல்லாப் படமும் முழுக் கருப்பு என்றால் லென்ஸ் மூடியைக் கழற்றுங்கள். சிரிக்காதீர்கள். ஜன்னல் வழியாகப் பார்ப்பதால் மூடி போட்டிருந்தாலும் காட்சி பளிச்சென்று தெரியும். இதைச் செய்யாத ரேஞ்ச்பைண்டர்காரர் கிடையாது.

குத்துவிளக்கு வெந்துபோகிறது, இருட்டில் கோடு விழுகிறது

சிசிடி சென்சாரில் வெளிச்சம் ஒருமுறை வெந்துவிட்டால் மீட்க முடியாது. விளக்குக்கு அளந்து, ஒரு படி குறைத்து எடுங்கள், நிழலைப் பின்னால் தூக்கலாம். ஐஎஸ்ஓவை, அதாவது சென்சாரின் ஒளி உணர்திறனை, அளவுக்கு மேல் ஏற்றினால்தான் இருட்டில் கோடு விழும்; எம்8-இல் 640-க்கு மேல் போகாதீர்கள், எம்9-இல் 800 வரை தாங்கும். காலை ஆறு மணிக்குப் பால்மரக் காட்டுக்குள் எடுக்க வேண்டும் என்றால் எம்10-க்குக் கீழே யோசிக்க வேண்டாம். வெயிலில் எம்9-இன் நிறம்தான் எனக்குப் பிடிக்கும். சிசிடிக்கு மந்திரம் இருக்கிறதா என்று ராத்திரி முழுக்க வாதாடுகிறவர்களோடு நான் சேருவதில்லை.

கோட்டுக்குள் வைத்தேன், படத்தில் அதிகம் வந்திருக்கிறது

பழுதில்லை. ஜன்னலில் தெரியும் சட்டக் கோடு ஒரு குறிப்பிட்ட தூரத்துக்குத்தான் சரி. எம்8-இல் 0.7 மீட்டர், எம்9-இல் 1 மீட்டர், எம்8-இன் திருத்திய பதிப்பான எம்8.2-இலும் எம்240-இலும் 2 மீட்டர். அதைவிடத் தூரத்தில் எடுத்தால் கோட்டுக்கு வெளியே இருப்பதும் படத்துக்குள் வரும். எம்8-காரர்கள் கோபுரத்தை எடுக்கும்போது இன்னும் இரண்டடி முன்னே போகலாம்.

லென்ஸுக்குள் வெள்ளை நூல், ஜன்னலில் மூட்டம்

இது கேமராவின் வயதைப் பார்த்து வருவதில்லை, நம் வானத்தைப் பார்த்து வருகிறது. மத்தியானம் மூன்று மணிக்கு மழை, நாலு மணிக்கு வெயில், இரவெல்லாம் புழுக்கம். பூஞ்சைக்கு இதைவிட என்ன வேண்டும்?

கைப்பேசி விளக்கை லென்ஸின் ஒரு முனையில் பிடித்து மறுமுனையிலிருந்து சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போலக் கிளைத்த நூல் பூஞ்சை. ஒரே சீரான பால்மூட்டம் என்றால் எண்ணெய் ஆவி, துடைத்தால் பெரும்பாலும் போகும். பூஞ்சை ஓரத்தில் இருந்தால் துடைக்கலாம், கண்ணாடியின் பூச்சைத் தின்றிருந்தால் தழும்பு நிற்கும். பூஞ்சை பிடித்த லென்ஸை மற்றவற்றோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள்.

அரிசி டின்னுக்குள் கேமராவைப் புதைத்து வைக்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அரிசி தூசிதான் மிச்சம், வண்டு இலவசம். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பத மானி; முள் 40-க்கும் 50-க்கும் நடுவில் நின்றால் போதும். வசதி இருந்தால் மின்சார உலர் பெட்டி. தோல் பைக்குள் வைத்து அலமாரியில் பூட்டுவதுதான் எல்லாவற்றிலும் மோசம், தோலே ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

பின்திரையில் தேநீர்க் கறை போல ஒரு பழுப்பு வட்டம்

எம்8-இன் திரைக்குள் வருகிற கறை. துடைத்தால் போகாது, மாற்றப் பாகம் கிடைப்பது அரிது. படத்தைப் பாதிக்காது. இதைக் காட்டி விலையைக் குறையுங்கள், ஆனால் வட்டம் பெரிதாகிக்கொண்டே போனால் மெனு தெரியாமல் போகும் நாள் வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

வாங்கும் அன்று

விற்கிறவர் எங்கே சந்திக்கலாம் என்று கேட்டால் வெளிச்சமான ஒட்டுக்கடையைச் சொல்லுங்கள், மடிக்கணினியைக் கொண்டு போங்கள். தே தாரேக் வருவதற்குள் எஃப்16 வானம் முடிந்திருக்க வேண்டும், ரொட்டி சானாய் வருவதற்குள் ஒரு மீட்டர் பேப்பர் முடிந்திருக்க வேண்டும். அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள்.

போன மாதம் தலைமையாசிரியர் மறுபடி வந்தார், இம்முறை ஒரு எம்9-ஐப் பார்த்துச் சொல்லும்படி. வானத்தை எடுத்தோம். இடது மேல் மூலையில் இரண்டு வளையம், கடுதாசி எதுவும் இல்லை. வேண்டாம் ஐயா என்றேன். அவர் அந்தப் படத்தையே விற்கிறவருக்கு அனுப்பி, விலையை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வைத்து, வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். "எஃப்4-க்கு மேல மூட மாட்டேன்பா. எனக்கு எழுபத்தொண்ணு, வளையத்துக்கு என்ன அவசரம்?" என்றார். இப்போது அடைமழைக் காலம். ஞாயிறு தோறும் எஃப்16-இல் ஒரு வானம் எடுத்து எனக்கு அனுப்புகிறார். நேற்று வரைக்கும் இரண்டுதான்.